கர்ப்பிணிகளுக்கு வீடியோ போடப் போகிறோம், எதைச் சொன்னால் காதில் ஏறும்?

ஏரிக்கரை கயல்:

வணக்கம். தர்மபுரி பக்கம் ஒரு சின்ன ஊரில் நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து உள்ளூர்ச் செய்திக்கு ஒரு யூடியூப் சேனல் நடத்துகிறோம். சந்தை நிலவரம், கோயில் திருவிழா, தண்ணி வராத தெரு, இதுதான் எங்கள் சரக்கு. போன மாதம் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் கூப்பிட்டு, "நாங்க சொன்னா கேக்க மாட்டேங்கறாங்க, உங்க சேனலைத்தான் எல்லாரும் பாக்கறாங்க, கர்ப்பிணிகளுக்கு ரெண்டு ரெண்டு நிமிஷத்துல பத்து வீடியோ போட முடியுமா" என்று கேட்டார். சரி என்று சொல்லிவிட்டேன்.

யோசிக்காமல் சரி சொன்னதற்குக் காரணம் என் தங்கச்சி. அவளுக்கு இப்போது ஏழாம் மாதம், ஹீமோகுளோபின் 8.6, ரத்தம் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்திருக்கிறார்கள், ஒரு மாதமாக அவள் போடவே இல்லை. ஏன் என்று கேட்டால் போனை எடுத்து ஒரு ரீல்ஸ் காட்டுகிறாள். அதில் பச்சைச் சேலை கட்டின ஒரு அம்மா சிரித்துக்கொண்டே சொல்கிறார், இரும்பு மாத்திரை கெமிக்கலாம், குழந்தை கறுத்துப்போகுமாம், பீட்ரூட் ஜூஸ் குடித்தால் பத்தே நாளில் ரத்தம் ஊறிவிடுமாம். 4 லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். அவள் மாமியார் அதை மூன்று குரூப்பில் அனுப்பியிருக்கிறார். மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தேன், இரண்டே இரண்டு குழிதான் காலி.

டாக்டர் கொடுத்த குறிப்பில் "சத்தான உணவு உண்ண வேண்டும், ஓய்வெடுக்க வேண்டும்" என்று பத்து வரி இருக்கிறது. இதைப் படித்தால் என் தங்கச்சியே தள்ளிவிட்டுப் போய்விடுவாள். உங்கள் வீட்டில், உங்கள் ஊரில், ரேடியோவோ டிவியோ பேப்பரோ வாட்ஸ்அப்போ, எதைக் கேட்டு ஒரு கர்ப்பிணியோ அவள் வீட்டுக்காரர்களோ உண்மையிலேயே ஏதாவது மாற்றிச் செய்தார்கள்? கெடுதல் நடந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பழைய நர்சம்மா:

கயல் கண்ணு, நான் விழுப்புரம் பக்கம் கிராம சுகாதார செவிலியராக 33 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். உன் தங்கச்சி மாதிரி மாத்திரையை வைக்கோல் போரில் செருகி வைத்த பிள்ளைகளை எண்ணி முடியாது. மத்திய அரசின் 2019-21 குடும்பநல ஆய்விலேயே தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் 48.3 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று வந்தது. கிட்டத்தட்ட இரண்டு பேரில் ஒருத்தி.

மாத்திரை விஷயத்தில் நான் கற்றுக்கொண்டது இதுதான். போட்டால் மலம் கறுப்பாகப் போகும் என்பதை மாத்திரை கொடுக்கும்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் மூன்றாம் நாள் பயந்துபோய் நிறுத்திவிடுவார்கள். குழந்தை கறுத்துப்போகும் என்ற பேச்சே அங்கிருந்துதான் கிளம்பியிருக்கும் என்று எனக்கு ஒரு எண்ணம். அப்புறம் குமட்டல். காலையில் வெறும் வயிற்றில் போட்டு வாந்தி எடுத்த பெண் மறுபடி தொடமாட்டாள், அதனால் ராத்திரி சாப்பிட்ட பிறகு போடச் சொல்லுவேன். டீ, காபியோடு வேண்டாம், கால்சியம் மாத்திரையோடு சேர்த்து விழுங்க வேண்டாம், ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சை ஜூஸோ கூட இருந்தால் நல்லது. பீட்ரூட் குடிக்கட்டும், நல்லதுதான், ஆனால் 8.6-ஐ ஏற்ற அது போதாது என்று அந்த மாமியாரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டும். மாத்திரைக்கும் ஏறவில்லை என்றால் அரசு மருத்துவமனையிலேயே ஊசி வழியாக இரும்புச்சத்து ஏற்றுகிறார்கள், அதையும் வீடியோவில் சொல். "போடு போடு" என்பதை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள், போட்டால் உடம்பில் என்ன ஆகும் என்று யாரும் சொல்வதில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது எந்தச் சுவரைப் பார்த்தாலும் சிவப்பு முக்கோணம்தான், நாமிருவர் நமக்கிருவர்தான். தியேட்டரில் ஸ்லைடு, ரேடியோவில் பாட்டு. குடும்பக் கட்டுப்பாடு பட்டிதொட்டி எல்லாம் போய்ச் சேர்ந்தது. ஆனால் எட்டாம் மாதத்தில் விடாமல் தலைவலித்தால் உடனே கிளம்பு என்று ஒரு சுவரில்கூட நான் படித்ததில்லை. முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகை 1987-இல் வந்தது, இப்போது ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய். அந்தப் பணம் ஏறின செய்தி மட்டும் எங்களுக்கு முன்னாடியே ஊருக்குள் போய்விடும், ஏனென்றால் அதில் என்ன கிடைக்கும், யாரிடம் போக வேண்டும், எந்தக் கார்டு வேண்டும் என்று இருந்தது. சீக்கிரம் பதிந்து பிக்மி எண், அதாவது கர்ப்பப் பதிவு எண், வாங்கு என்று நாங்கள் தொண்டை வற்றக் கத்தியதைவிட அந்தச் செய்திதான் பெண்களை மூன்றாம் மாதத்திலேயே எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தது.

பயன்பட்டதற்கு ஒன்று சொல்கிறேன். பல வருஷம் முன்னால் ரேடியோவில் ஒரு டாக்டரம்மா பேசினார்கள். முகம் கை வீங்கினால் பிரஷர் பார்க்க வேண்டும் என்பதை, "வளைகாப்புக்குப் போட்ட கண்ணாடி வளையல் முந்தி கையில் சுற்றி ஆடியது, இப்போது இறுகிப்போய் நகரவில்லை என்றால் அன்றைக்கே பிரஷர் பாருங்கள், கூடவே தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி இருந்தால் விடியும் வரை காத்திருக்க வேண்டாம்" என்றார்கள். அடுத்த வாரம் ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு மாமியார் என் வீட்டுக் கதவைத் தட்டினார். மருமகளுக்கு இரண்டு நாளாகத் தலைவலி, தைலம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். "வளையல் இறுகுது நர்சம்மா" என்றார், அவ்வளவுதான் சொன்னார். போய்ப் பார்த்தால் 170/110. 108-ஐ வரவழைத்து மாவட்ட ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம், வலிப்பு வராமல் தடுக்க ஊசி போட்டார்கள், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஒரு வளையல் சொல்லிக்கொடுத்ததை நான் ஐந்து வருஷம் சார்ட் காட்டியும் சொல்லிக்கொடுக்க முடியவில்லை.

இன்னொன்று மறந்துவிடாதே. வளைகாப்பு முடிந்ததும் பெண் தாய்வீட்டுக்குப் போய்விடுவாள். அதுவரை பார்த்த நர்ஸ் வேறு, அங்கே இருக்கும் நர்ஸ் வேறு. கடைசி இரண்டு மாதம்தான் ஆபத்து அதிகம், அப்போதுதான் அவளைப் பார்த்துவந்த நர்ஸ் இல்லாத ஊரில் இருப்பாள். தாய்வீட்டுக்குப் போன மறுநாளே அந்த ஊர் நர்ஸிடம் கார்டைக் காட்டு என்று ஒரு வீடியோ தனியாகப் போடு கண்ணு.

லேபர் வார்டு:

அரசு மருத்துவக் கல்லூரியில் மகப்பேறு பிரிவில் வேலை. சீரியலும் சினிமாவும் செய்ததைப் பற்றி யாராவது பேசுவார்களா என்று பார்த்தேன். டாக்டர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றி "தாயா குழந்தையா, ஒரு உயிரைத்தான் காப்பாத்த முடியும்" என்று சொல்லும் காட்சியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். நான் சிசேரியனுக்குக் கையெழுத்து கேட்டுப் போனால் பல வீட்டில் முதல் கேள்வியே அதுதான் வருகிறது. வராண்டாவில் பெரியப்பா, சித்தப்பா எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுக்க அரை மணி நேரம் ஓடிவிடும். குழந்தையின் இதயத்துடிப்பு இறங்கிக்கொண்டிருக்கும்போது அரை மணி நேரம் என்பது என்ன என்று எப்படிச் சொல்வேன். பெரும்பாலான நேரங்களில் அப்படி ஒரு தேர்வே கிடையாது. தாயைக் காப்பாற்றச் செய்வதுதான் குழந்தையையும் காப்பாற்றுகிறது. இதை மட்டும் ஒரு வீடியோவில் சொல்லுங்கள், கர்ப்பிணிக்கு இல்லை, கையெழுத்துப் போடப்போகிற ஆண்களுக்கு.

செய்திமேசை:

நாளிதழில் 19 வருடம் துணை ஆசிரியராக இருந்தேன், பெயர் வேண்டாம். "பிரசவத்தில் இளம்பெண் பலி, உறவினர்கள் சாலை மறியல்." இந்தத் தலைப்பை நான் எத்தனை முறை வைத்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. நிருபர் அனுப்புவது எட்டு வரி. பெண்ணின் வயது, கணவர் என்ன வேலை, எந்த ரோட்டில் மறியல், போக்குவரத்து எவ்வளவு நேரம் பாதிப்பு, போலீஸ் சமாதானம் பேசியது. முடிந்தது. அந்தப் பெண் ஏன் இறந்தாள் என்பது அந்த எட்டு வரியில் இருக்காது, அடுத்த நாளும் இருக்காது, அதற்கு அப்புறம் நாங்களே மறந்துவிடுவோம்.

ஆனால் அந்தக் காரணத்தை வேறொரு இடத்தில் உட்கார்ந்து தேடுகிறார்கள். தமிழ்நாட்டில் ஒவ்வொரு பிரசவ மரணத்தையும் தணிக்கை செய்கிறார்கள், 2004-இல் இருந்து எல்லா மரணத்துக்கும் கட்டாயம். எத்தனை மணிக்கு வலி வந்தது, எப்போது வண்டி கிடைத்தது, முதல் ஆஸ்பத்திரியில் எவ்வளவு நேரம் போனது, ரத்தம் இருந்ததா, இப்படி மணிக்கணக்காகப் பார்ப்பார்கள். பிரசவ மரணங்களை ஆராய்கிறவர்கள் மூன்று தாமதம் என்று சொல்வார்கள், வீட்டில் முடிவெடுப்பதில் தாமதம், போய்ச்சேருவதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். நாங்கள் மூன்றாவதை மட்டும் எழுதினோம், அதையும் பாதிதான் எழுதினோம். முதல் இரண்டையும் எழுதியிருந்தால் அதைப் படித்த ஏதோ ஒரு வீட்டில் ஒரு மணி நேரம் முன்னாடி கிளம்பியிருப்பார்கள். எனக்கு இது மனசில் கிடந்து உறுத்துகிறது.

இந்த மரணம் எல்லாம் குறைந்துகொண்டுதான் வருகிறது. 2018-20 கணக்கில் 1 லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. நல்ல எண் என்று மேடையில் சொல்லலாம். ஆனால் அதே கணக்கில் கேரளத்தில் 19. நம் மாநிலத்தில் வருடத்துக்குச் சுமார் 9 லட்சம் பிரசவம் என்று வைத்தால், 54 என்பது ஏறக்குறைய 500 பெண்கள். கிட்டத்தட்ட தினம் ஒன்றுக்கு மேல். தினம் ஒரு பஸ் விபத்தில் ஒருவர் இறந்தால்கூட மாதக் கடைசியில் ஒரு கட்டுரையாவது வந்திருக்கும்.

கயல், உங்களுடையது உள்ளூர் சேனல், அதனால் உங்களால் முடியும் என்று நினைத்து ஒரு யோசனை சொல்கிறேன். உங்கள் ஒன்றியத்தில் ராத்திரி இரண்டு மணிக்குப் பிரசவம் பார்க்கும் இடம் எது, ரத்த வங்கி எங்கே, அங்கே போய்ச்சேர எத்தனை நிமிடம், மழையில் எந்தத் தரைப்பாலம் மூழ்கும், இதை நீங்களே வண்டியில் போய் நேரம் பார்த்துப் படம் எடுத்துப் போடுங்கள். இதை எந்தப் பெரிய டிவியும் செய்யாது.

நாட்டுமாடு:

எங்க பாட்டி 11 பிள்ளை பெத்தாங்க, எல்லாம் வீட்டுலதான். அப்போ எந்த வீடியோ இருந்துச்சு? இந்தப் பயமுறுத்தல் எல்லாம் ஆஸ்பத்திரிக்காரன் கல்லா கட்டத்தான்.

பழைய நர்சம்மா:

தம்பி, உங்கள் பாட்டி நல்லா இருந்தது சந்தோஷம். உங்கள் ஊர் எல்லையில், பழைய பாதையோரத்தில், இரண்டு கல் நட்டு மேலே ஒரு கல் படுக்க வைத்தாற்போல் சுமைதாங்கிக் கல் இருக்கிறதா என்று பாருங்கள். கர்ப்பச் சுமையை இறக்காமலே செத்துப்போன பெண்களுக்காக நட்டது அது. எங்கள் ஊரைச் சுற்றி மட்டும் நான்கு இருக்கிறது. என் அம்மா ஒன்பது பெற்று ஆறைத்தான் வளர்த்தார்கள்.

கொங்கு அப்பா:

நாட்டுமாடு நண்பர் சொல்வதைத்தான் நானும் ஒரு காலத்தில் சொன்னேன், அதனால் அவரைத் திட்ட மாட்டேன். என் மனைவி முதல் பிரசவத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனாள். வலி வந்து மூன்று மணி நேரத்தில் சிசேரியன். ஏன் என்று யாரும் விளக்கவில்லை, பில்லை மட்டும் விளக்கமாகக் கொடுத்தார்கள். அந்தக் கோபத்தில்தான் இரண்டாவது குழந்தைக்கு வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்ந்தேன். காலையில் எழுந்தால் வாழ்த்து, தொட்டிலில் குழந்தை படம், "ஊசி இல்லை, மருந்து இல்லை, நஞ்சுக்கொடியைக்கூட வெட்டவில்லை". தப்பாகப் போனவர் ஒருத்தர்கூட அங்கே எழுதியதில்லை. எழுதினால் குரூப்பை விட்டு நீக்கிவிடுவார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் பார்த்து வீட்டிலேயே பிரசவம் பார்த்ததில் ஓர் ஆசிரியை ரத்தப்போக்கில் இறந்தார், கணவர் கைதானார். எங்களுக்கு ரொம்பப் பக்கம். அன்றைக்கு டிவியில் முழுக்க அதுதான், ஆனால் பாதி நேரம் "முட்டாள்தனம்" என்று திட்டினார்கள். திட்டினதைக் கேட்டு நான் மாறவில்லை, உள்ளுக்குள் இன்னும் முறுக்கிக்கொண்டேன். ஒரு சேனலில் மட்டும் ஒரு பெண் டாக்டர் மெதுவாக விளக்கினார். நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது, நஞ்சுக்கொடி பிரிந்ததும் கர்ப்பப்பை இறுகினால்தான் அந்தக் குழாய்கள் அடைபடும், இறுகாவிட்டால் நல்ல ஆரோக்கியமான பெண்கூட ஓரிரு மணி நேரத்தில் போய்விடலாம், அதற்குத்தான் குழந்தை பிறந்ததும் அந்த ஒரு ஊசி என்றார். மேஜை மேல் இருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார், அரை லிட்டர் எவ்வளவு என்று. செம்பைக் கவிழ்த்ததைப் பார்த்து என் மனைவி டிவியை அணைத்துவிட்டு, "நான் ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன்" என்றாள்.

கடைசியில் எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்தோம். முதல் குழந்தை சிசேரியன் என்பதால் அவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக்கொடுத்தார்கள், அங்கே சுகப்பிரசவத்துக்கு முயற்சி செய்து பார்க்கலாம் என்றார்கள், என் அத்தை பிரசவ அறைக்குள் கூடவே இருந்தார். சுகப்பிரசவம் ஆனது, எல்லோருக்கும் அப்படி ஆகும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று எனக்கு எந்தப் பேப்பரும் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன், தனியாரில் 60-க்கும் மேல் என்று நர்சம்மா சொன்ன அதே 2019-21 அரசு ஆய்வு சொல்கிறது. மக்களுக்கு இருக்கும் சந்தேகம் பொய்ச் சந்தேகம் இல்லை. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்லாமல் "வீட்டில் பார்க்காதே" என்று மட்டும் மிரட்டினால் அந்த வாட்ஸ்அப் குரூப்புகள் மூடாது. 2024-இல் குன்றத்தூர் பக்கம் பிடிபட்ட குரூப்பில் 1,000 பேருக்கு மேல் இருந்தார்கள், நினைவிருக்கும்.

வன்னிப் பிள்ளை:

நான் முல்லைத்தீவு. இஞ்ச டிவி, ரேடியோவை விட மிட்வைஃப்தான் எங்களுக்கு ஊடகம் என்று சொல்லலாம். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு குடும்பநல உத்தியோகத்தர், வீட்டுக்கே வருவா, கிளினிக் திகதி அவவுக்குத்தான் தெரியும், திரிபோஷா சத்துமாவும் அங்கதான். என்ர இரண்டாவது பிள்ளைக்கு எட்டாம் மாதம், வயித்துக்குள்ள பிள்ளையின்ர அசைவு குறைஞ்ச மாதிரி இருந்தது. முகநூலில் தேடினால் "இனிப்புச் சாப்பிட்டு இடப்பக்கம் படுங்கோ, சரியாகும்" என்று போட்டிருந்தது. மிட்வைஃபுக்குப் போன் அடிச்சன், "படுக்க வேண்டாம் பிள்ளை, இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ" என்று சொன்னா. போனதால என்ர மகன் இருக்கிறான். கயல் அக்கா, வீடியோவின்ர கடைசியில அந்தந்த ஊர் நர்ஸின்ர முகத்தைக் காட்டுங்கோ. ஆரெண்டு தெரிஞ்சால்தான் இரவில அடிச்சுக் கேக்கத் துணிவு வரும்.

மடிப்பாக்கம் அம்மா:

எல்லோரும் பிரசவத்தோடு நிறுத்திவிட்டீர்கள், மீடியாவும் அப்படித்தான். குழந்தை பிறந்தது, சர்க்கரை கொடுத்தார்கள், சுபம். எனக்குப் பிரஷர் ஏறினதே வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள். அதுவரை 110/70 இருந்தவள். தலை வெடிக்கிற மாதிரி வலி, "பச்சை உடம்பு, காற்றுப் புகுந்திருக்கும்" என்று காதில் பஞ்சு வைத்தார்கள். என் கணவர் 104 என்ற அரசு மருத்துவ ஆலோசனை எண்ணுக்குப் போன் செய்து கேட்டதால் ஆஸ்பத்திரிக்குப் போனோம், இரண்டு நாள் உள்ளே வைத்திருந்தார்கள். பிரசவத்துக்கு அப்புறம் 42 நாள் வரைக்கும் தாயைக் கவனிக்க வேண்டும் என்பதை நான் படித்த எந்த மகளிர் இதழிலும் பார்த்ததில்லை, பத்தியக் குழம்பு செய்முறை மட்டும் பக்கம் பக்கமாக இருந்தது. அப்புறம் ராத்திரி காரணமே இல்லாமல் அழுவேன், குழந்தையைத் தூக்கவே பிடிக்காது. அதற்கும் வைத்தியம் இருக்கிறது என்று தெரிய எனக்கு நான்கு மாதம் ஆனது. தயவு செய்து பத்தில் மூன்று வீடியோவாவது பிரசவத்துக்கு அப்புறம் என்று வையுங்கள்.

ஏரிக்கரை கயல்:

எல்லோருக்கும் நன்றி. மூன்று நாளாக இதைத்தான் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். டாக்டர் கொடுத்த பத்து வரியை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, இங்கே வந்ததைப் படித்துக் காட்டினேன். வளையல் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதைத்தான் முதல்ல போடணும்" என்றார். முக வீக்கம், தலைவலி, கண் மங்கல் மூன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும், வளையல் இறுகாவிட்டால் ஒன்றும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது என்றும் சொன்னார், அதைக் குறித்துக்கொண்டேன்.

செய்திமேசை சார் சொன்னபடி நேற்று ராத்திரி 11 மணிக்கு எங்கள் ஊரில் இருந்து ரத்த வங்கி இருக்கும் ஆஸ்பத்திரிக்கு வண்டியில் போய்ப் பார்த்தோம். 52 நிமிடம். நான் அரை மணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் ரயில்வே கேட் மூடி 9 நிமிடம் நின்றோம், அதையும் அப்படியே படம் பிடித்திருக்கிறோம்.

தங்கச்சி முந்தாநாள் ராத்திரியில் இருந்து மாத்திரை போடுகிறாள். கறுப்பாகப் போகும் என்று நான் முன்னாடியே சொல்லிவிட்டதால் பயப்படவில்லை. செவ்வாய்க்கிழமை கிளினிக், ரத்தம் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அவள் மாமியாரிடம் பீட்ரூட்டை நிறுத்த வேண்டாம், மாத்திரையும் கூடப் போடட்டும் அத்தை என்றேன், அதில் அவருக்கு மனத்தாங்கல் இல்லை. அதனால் துணிந்து, முதல் வீடியோவில் வளையல் காட்டிப் பேச நீங்களே வாங்களேன் என்று கேட்டுவிட்டேன். ஒத்துக்கொண்டார், எந்தச் சேலை கட்டுவது என்றுதான் இப்போது வீட்டில் பேச்சு.

நர்சம்மா, ஞாயிற்றுக்கிழமைக்குள் முதல் மூன்று வீடியோவுக்கு எழுதினதை இங்கே போடுகிறேன். மாத்திரை, பிரஷர் இரண்டிலும் ஒரு சொல் தப்பாக இருந்தாலும் திருத்திவிடுங்கள், அதுவரை படம் எடுக்க மாட்டோம். லேபர் வார்டு டாக்டர், கையெழுத்து வீடியோவுக்கு உங்களிடம் தனியாகக் கேட்க வேண்டியது இருக்கிறது, டூட்டி இல்லாத நேரம் சொல்லுங்கள்.